கவர் மட்டும்தான் மாமா

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். என் மனைவி மல்லிகா உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்புக்காகக் கொருக்குப்பேட்டைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரல்களில் சங்கரா மீன் குழம்பின் வாசம் மிச்சமிருந்தது. மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போனதில் தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புது டிவியின் ரிமோட்டை எடுத்தேன். ஒரு படம் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குக் கண் தெரியாது. கல்லூரி நாட்களில் மாலைக்கண் மாதிரி ஆரம்பித்தது, முப்பது வயதுக்குள் முழுதாகப் போய்விட்டது. அதன் பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். படம் ‘பார்க்க’ என்றுதான் சொல்வேன், எழுதுவேன். ‘கேட்க என்று சொல்லுங்கள் சார்’ என்று திருத்த வருகிறவர்களிடம் வாதாட எனக்கு நேரமில்லை.

மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துப் படத்தின் பெயரைச் சொன்னேன். டொய்ங் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண், சிக்கனை நன்றாகக் கழுவி மஞ்சள் தூள் போடச் சொன்னாள்.

மறுபடி சொன்னேன். நிறுத்தி நிதானமாக, ஆபரேட்டர் குரலில். இரைச்சலான லைனில்கூடக் கப்பல் ஏஜெண்டுகள் புரிந்துகொண்ட குரல் அது. சிக்கன் பெண் போய் ஒரு ஜோசியர் வந்தார். மீன ராசிக்காரர்கள் இன்று வாய்த் தகராறைத் தவிர்க்க வேண்டும் என்றார். நான் மீன ராசிதான்.

அடுத்து ஒரு குழந்தைப் பாட்டு. வாத்து, குளம், மறுபடியும் வாத்து. நிறுத்தலாம் என்று ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் சத்தம் கூடியது. ரிமோட் முழுக்க ஒரே வழவழப்பு. எது எந்தப் பொத்தான் என்று விரலுக்குச் சொல்ல ஒரு மேடு பள்ளம் கிடையாது. வாத்து தெருவுக்கே கேட்கும்படி பாடியது.

கீழ் வீட்டு அம்மா மாடியேறி வந்து கதவைத் தட்டினார். “இன்னா சார், பேத்தி வந்துகீதா? கொயந்த தூங்கலையா?”

“இல்லம்மா. நான்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

அவர் இறங்கிப் போனார். நான் சுவரைத் தடவி சுவிட்சையே அணைத்தேன். சாயந்திரம் மல்லிகா திரும்பி வந்தபோது அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“படம் பாத்தியா?” என்றாள்.

“வாத்து பாத்தேன்” என்றேன்.

நல்ல மனசோடு வந்த பெட்டி

எங்கள் வீடு திருவொற்றியூரில், விம்கோ நகர்ப் பக்கம். மகள் ரேவதியைப் பெரம்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஒரு பேத்தி இருக்கிறாள். மாப்பிள்ளை தினேஷுக்கு கம்ப்யூட்டர் வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, குரலை உயர்த்திப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. கெட்டவன் ஒரு தொல்லை கொடுத்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கலாம். நல்லவன் கொடுத்தால் அதற்கு நன்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொங்கலுக்கு இரண்டு பேரும் அந்த டிவியோடு வந்தார்கள். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டது.

“மாமா, இனிமே உங்களுக்கு சிடியே தேவையில்ல. உலகத்துல இருக்கிற படமெல்லாம் இதுக்குள்ள இருக்கு” என்றார் தினேஷ்.

“என்கிட்ட இருக்கிற படமெல்லாம் இருக்கா?”

“இருக்கும் மாமா. இல்லாதது இருந்தா நான் காப்பி பண்ணி ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுத் தரேன். இத்துனூண்டு பெட்டி. உங்க அலமாரி மொத்தமும் அதுல அடங்கிடும்.”

அலமாரியில் அறுநூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. டிவிடி, விசிடி எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் சிடி என்றுதான் பெயர். தினேஷ் அவற்றை அரிசிச் சாக்குகளில் கட்டினார். ப்ளேயரையும் எடுத்துக்கொண்டார். சாக்குகள் மாடிப்படியில் இறங்கும்போது உள்ளே பிளாஸ்டிக் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பக்கத்தில் ரேவதி, “நைனா, இனிமே தூசு தும்மல் கெடையாது” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, வயசானவர், புதுசு எதுவும் பிடிக்காது என்று யாரும் தீர்மானிக்க வேண்டாம். என் போன் பேசும். நான் தொடும் ஒவ்வொரு எழுத்தையும் தமிழில் வாசித்துச் சொல்லும். இந்தத் தொடரையே அதில்தான் எழுதுகிறேன். நல்ல பொருள் எதுவென்று எனக்குத் தெரியும். அந்த டிவி அதில் சேர்த்தி இல்லை.

வெட்டிய பத்திரிகைகள்

அலமாரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது.

கண் போன புதிதில் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனவன் காஜா. வண்ணாரப்பேட்டைக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்து. திரையில் நடப்பதை என் காதில் சொல்லிக்கொண்டே வருவான். அவன் கிசுகிசுப்பு என்பது மற்றவர்களின் சாதாரணப் பேச்சு. முன் வரிசை திரும்பும். “யோவ், நாங்களும் துட்டு குடுத்துதான் வந்துகீறோம்” என்பார்கள். காஜா எழுந்து நின்று பதில் சொல்வான். அதற்குள் படத்தில் யாராவது செத்துப் போயிருப்பார்கள். யார் செத்தது என்று இடைவேளையில்தான் தெரியும்.

பிறகு அவனே சிடி கடை வைத்தான். எனக்கு அது பெரிய விடுதலை. வீட்டில், என் நாற்காலியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பார்க்கலாம். ஒரு காட்சி புரியவில்லையென்றால் பின்னால் போய் இன்னொரு முறை கேட்கலாம். ப்ளேயரில் பொத்தான்கள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். தட்டை உள்ளே தள்ளினால் விர்ரென்று சுற்றும். மெனுவின் இசை வரும். பொத்தானை ஒரு அழுத்து, படம் ஆரம்பம். எந்தப் படமானாலும் இதே கதைதான்.

எந்தக் கவரில் எந்தப் படம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி செய்திருந்தேன். வேலைக்குப் போகும் முன் பயிற்சியில் பிரெய்ல் கற்றிருந்தேன். கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையை நீளநீளமாக வெட்டி, அதில் படத்தின் பெயரைப் புள்ளிகளாகக் குத்தி, கவரின் முதுகில் ஒட்டிவிடுவேன். அலமாரி மேல் விரலை ஓட்டினால் போதும். நடிகர் வாரியாக, இசையமைப்பாளர் வாரியாக, அழுகைப் படங்கள் கீழ்த்தட்டில் என்று எல்லாம் என் கணக்கு.

“மனுசங்க ஆசையா பத்திரிக வெச்சிட்டு போறாங்க. முகூர்த்தம் எப்பன்னு பாக்கறதுக்குள்ள வெட்டிடறியே” என்று மல்லிகா கத்துவாள். அப்படி இரண்டு கல்யாணங்களுக்குப் போகாமல் விட்டிருக்கிறோம்.

யார் பார்ப்பது

வாத்துக்குப் பிறகு ரேவதி ஒரு நாள் வந்து டிவியில் பேசும் வசதியைத் திறந்துவிட்டாள். பேசியது. ஆங்கிலத்தில், யாரோ துரத்துகிற மாதிரி. தமிழ்ப் படப் பெயர்களை அது உச்சரித்த விதத்தில் எனக்கு மனப்பாடமான பெயர்கூட ஏதோ மருந்தின் பெயராகக் கேட்டது.

திறந்தவுடன் அது கேட்கும் முதல் கேள்வி, யார் பார்ப்பது என்பதுதான். தினேஷ், ரேவதி, குழந்தை, விருந்தினர் என்று வரிசையாகச் சொல்லும். என் வீட்டுச் சுவரில் இருக்கும் டிவியில் என் பெயர் இல்லை. விருந்தினரை அழுத்தினேன். ரகசிய எண் கேட்டது.

ரேவதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு, அந்தக் கேள்வியும் எண்ணும் வராதபடி மாற்றினாள். எனக்குப் பிடித்த ஒரு படத்தை முதல் வரிசையில் முதலாவதாக வைத்தும் கொடுத்தாள். திறந்ததும் கீழே ஒரு முறை, உடனே ஓகே. அதை மட்டும் பழகிக்கொண்டேன். நாலு நாள் அந்த ஒரே படத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அதே இடத்தில் அழுத்தினால் வேறு ஏதோ பாஷையில் துப்பாக்கிச் சண்டை. ரேவதியைக் கேட்டால், அந்தப் படத்தை ஆப்காரர்கள் எடுத்துவிட்டார்களாம். ஏன் எடுத்தார்கள், யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்றால் பதில் சொல்ல ஆளில்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். இளம் பெண் குரல். மரியாதையாகத்தான் பேசினாள்.

“சார், இப்ப உங்க ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

“எனக்குக் கண் தெரியாதும்மா.”

“ஓகே சார், புரியுது சார். இப்ப ஸ்கிரீன்ல வலது பக்க மூலையில ஒரு சின்ன சக்கரம் தெரியும் பாருங்க.”

“கண் தெரியாதும்மா.”

“ஓகே சார். பக்கத்துல யாராவது இருக்காங்களா சார்?”

இந்தக் கேள்விதான் என்னைக் கொதிக்க வைக்கும். பேங்கில், ரேஷனில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து இதைத்தான் கேட்பார்கள். வாழ்நாளெல்லாம் பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்துகொள்ளத்தான் நான் பாடுபட்டேன். படம் போடுவது அப்படிக் கைவசமான காரியங்களில் ஒன்று. அதையும் பிடுங்கிக்கொண்டு, பக்கத்தில் யார் என்கிறார்கள்.

“யாரும் இல்லம்மா” என்று வைத்துவிட்டேன். அந்தப் பெண் மேல் குற்றமில்லை. அவளுக்கு எழுதிக் கொடுத்ததை அவள் படிக்கிறாள். நானும் அந்தத் தொழில்தான் செய்தேன்.

இத்துனூண்டு பெட்டி

பங்குனி வெயில் ஏறியபோது ஹார்ட் டிஸ்க் வந்தது. உள்ளங்கை அளவு. தினேஷ் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து காப்பி செய்ததாக ரேவதி சொன்னாள். உண்மையாகவே கஷ்டப்பட்டிருக்கிறார்.

டிவியின் முதுகில் அதைச் சொருகிவிட்டுப் போனார். நான் திறந்தேன். அந்த ஆங்கிலக் குரல் வாசித்தது: வீடியோ பூஜ்யம் ஒன்று. வீடியோ பூஜ்யம் ஒன்று ஒன்று. புதிய கோப்பு. புதிய கோப்பு இரண்டு. பெயர் என்று ஒன்று எதற்குமே இல்லை. மேலும் கீழும் அழுத்தி அழுத்திப் போய்ப் பார்த்தேன். எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

தினேஷுக்குப் போன் செய்தேன். “பேர் மாத்தணும் மாமா. ஒவ்வொண்ணா திறந்து பாத்துதான் மாத்த முடியும். ஆபீஸ்ல கொஞ்சம் வேலை ஜாஸ்தி. அடுத்த மாசம் உக்கார்றேன்.”

“பரவால்ல மாப்ள. ஒண்ணும் மாத்த வேணாம். என் சிடிய மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. ப்ளேயரையும்.”

“சரி மாமா. கொண்டு வரேன்” என்றார். அந்த ‘சரி’யில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. லைனில் வரும் இடைவெளிகளைக் கேட்டே பிழைத்தவன் நான். மல்லிகாவிடம் சொன்னேன், ஏதோ இருக்கிறது என்று.

“உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்றாள்.

இரண்டு ஞாயிறுகள் போயின. மூன்றாம் ஞாயிறு தினேஷ் வந்தார். சாக்கு எதுவும் படியேறும் சத்தம் வரவில்லை. தோளிலிருந்து ஒரு பையை மட்டும் இறக்கினார். அதிலிருந்து ப்ளேயரை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, ஜிப் வைத்த தடித்த ஆல்பம் மாதிரி ஐந்தாறு எடுத்து என் மடியில் வைத்தார். ஒன்றைத் திறந்தேன். மெல்லிய பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. விரலை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே.

“கவரெல்லாம் எங்க மாப்ள?”

“ஃப்ளாட்ல இடமே இல்ல மாமா. காப்பி பண்ணப் பண்ண தட்டை இதுல போட்டுட்டு, கவரை…”

“கவரை?”

“குப்பை வண்டியில போட்டுட்டேன். தட்டு எல்லாம் பத்திரமா இருக்கு மாமா. கவர் மட்டும்தான்.”

சமையலறையில் மல்லிகா எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

“முதுகில ஒட்டியிருந்த அட்டை?”

“அது ஏதோ அழுக்கா ஒட்டியிருக்குன்னு நினைச்சேன் மாமா. புள்ளி புள்ளியா… எனக்குத் தெரியல.”

ஆல்பத்தை மூடினேன். சத்தம் போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பேசினேன். “உன் போன்ல இருக்கிற பேரெல்லாம் ஒருத்தன் அழிச்சிட்டு, நம்பரெல்லாம் பத்திரமா கீது பாருன்னு குடுத்தா நீ இன்னா பண்ணுவ?”

அவரை அதுவரை நான் ஒருமையில் பேசியதில்லை. வாசலில் தினேஷ் செருப்பைப் போடும் சத்தம் கேட்டது. மல்லிகா வதக்கியதைச் சாப்பிட நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மாட்டேன் என்றாள்

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. ரேவதி போன் செய்து அழுதாள். “உனுக்காகத்தான நைனா தூக்கம் முழிச்சி பண்ணாரு. தெரியாம பண்ணதுக்கு இப்டியா பேசுவ?” என்றாள். தெரியாமல் செய்ததுதான். அது எனக்கும் தெரியும். தெரியாமல் செய்ததை யாரிடம் போய்த் திட்டித் தீர்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

காஜாவுக்குப் போன் செய்தேன். அவன் கடையில் இப்போது செல்போன் கவர்கள் விற்கிறான். கேட்டுவிட்டு நீளமாக மூச்சு விட்டான். “பேஜாரு பண்ணிட்டான்டா. நானு வந்து ஒண்ணொண்ணா படிச்சி சொல்லிடுவேன் மாமு. ஆனா எனுக்கே ரெண்டு கண்லயும் பொர. ஆபரேசனுக்கு நாள் குடுத்துகீறாங்க” என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த மாதத்திலேயே நான் சிரித்தது அப்போதுதான்.

கடைசியில் மல்லிகாவிடம் வந்தேன். சாயந்திரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

“தட்டு மேல பேரு அச்சடிச்சிருக்கும் இல்ல. நீ படிச்சி சொன்னா நான் புள்ளி குத்திக்கிறேன். ஒரு வாரத்துல முடிஞ்சிடும்.”

“மாட்டேன்” என்றாள்.

தமாஷ் என்று நினைத்தேன். இல்லை.

“இருவத்தஞ்சி வருசமா சொல்லிக்கினேதான்யா கீறேன். அடுப்புல பால் பொங்கிக்கினு இருக்கும். மல்லி, இப்ப இன்னா நடக்குதுன்னு கூப்புடுவ. கரண்டியோட வந்து நிப்பேன். அவன் ஜன்னலாண்ட நிக்கிறான்னு சொல்வேன். ஏன் நிக்கிறான்னு கேப்ப. அவன் ஏன் நிக்கிறான்னு எனுக்கு இன்னாய்யா தெரியும்?”

“எப்பவாச்சும் கேட்டிருப்பேன்.”

“பாட்டு நின்னா கூப்புடுவ. பேச்சு நின்னா கூப்புடுவ. எனுக்குனு உக்காந்து ஒரு படம் முழுசா பாத்ததில்ல. இப்பதான் போன்ல ஒரு சீரியல் பாக்கறேன். காதுல மாட்டிக்கினு நானே பாக்கறேன். யாருக்கும் எதையும் சொல்ல வேணாம். அது எவ்ளோ ஸோக்கா கீது தெரியுமா?”

டம்ளரைக் கழுவ எழுந்து போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் தயவும் இல்லாமல் நானே படம் போட்டுப் பார்ப்பவன் என்று அலுவலகத்தில், தெருவில் சொல்லியிருக்கிறேன், இந்தத் தொடரில்கூட இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாதது கோபத்தை இன்னும் கூட்டியது.

தட்டு இரண்டு

மறுநாள் நானே ஆரம்பித்தேன். ப்ளேயரை அந்த டிவியில் மாட்டலாம் என்று பார்த்தால், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் சொருக அதில் ஓட்டையே இல்லை. புது டிவிகளில் வைப்பதில்லையாம். தெருமுனை எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு பெட்டி வாங்கி நடுவில் போட வேண்டும் என்றார். எனக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது. எனக்கு எதற்குத் திரை? பரணிலிருந்து பழைய ஸ்பீக்கரை இறக்கச் சொன்னேன். சிவப்பையும் வெள்ளையையும் அதில் சொருகினார். மஞ்சள் ஒயர் தொங்கிக்கொண்டு கிடந்தது. சத்தம் வந்தது. அவ்வளவு பெரிய டிவிக்கு எங்கள் வீட்டில் எனக்காகச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஒரு தட்டை எடுப்பேன், போடுவேன், கேட்பேன். டைட்டில் இசையிலேயே சில படங்கள் தெரிந்துவிடும். சிலவற்றுக்கு முதல் வசனம் வரை போக வேண்டும். தெரிந்ததும் நிறுத்திவிட்டு அட்டையில் குத்துவேன்.

அட்டைக்கும் தகராறு. இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை எப்படி வெட்டுவது? காஜாதான், ஆபரேஷன் ஆன கையோடு, செல்போன் டப்பா அட்டைகளை ஒரு பை நிறைய அனுப்பினான். குத்துவதற்கு வாகான அட்டை.

ஒரு ஞாயிறு தினேஷ் வந்தார். எந்த முகத்தோடு வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பெரிய அட்டைப் பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“காலி கவர் மாமா. ஆன்லைன்ல கிடைச்சுது.”

“உக்காருங்க மாப்ள” என்றேன்.

தரையில் உட்கார்ந்தார். ஆல்பத்தைத் திறந்து, தட்டின் மேல் இருப்பதைப் படிக்க ஆரம்பித்தார். அதிலும் எரிச்சல் இல்லாமல் இல்லை. பாதித் தட்டுகளில் எழுத்து தேய்ந்திருந்தது. நிறையத் தட்டுகளில் ‘தட்டு இரண்டு’ என்று மட்டும் போட்டிருந்தது. எந்தப் படத்தின் இரண்டு என்று அச்சடித்தவனுக்குத் தோன்றவே இல்லை. அவற்றை எல்லாம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. இடைவேளைக்குப் பிந்தைய சண்டைக் காட்சிகள் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதை அப்போதுதான் இவ்வளவு தெளிவாக உணர்ந்தேன்.

“மாமா, இது எப்படிக் குத்துறீங்க? வலமிருந்து இடமாவா?” என்று நடுவில் கேட்டார்.

“ஆமா. பின்பக்கத்துலேந்து குத்தறேன், திருப்பினா நேரா வரும்.”

ஒரு அட்டையை எடுத்து விரலால் தடவிப் பார்த்திருப்பார் போல. “இது வெறும் அழுக்குன்னு நினைச்சேன்” என்று மெதுவாகச் சொன்னார். நான் அடுத்த தட்டைப் படிக்கச் சொன்னேன். அன்று மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

இன்னும் முடியவில்லை. இரண்டு ஆல்பங்கள் பாக்கி. சில படங்களுக்கு முதல் தட்டு ஒரு கவரிலும் இரண்டாம் தட்டு வேறெங்கோ இருக்கிறது. ஒரு குடும்பப் படத்தின் பாதியைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போட்டால் பேய் வருகிறது.

நேற்று சாயந்திரம்

நேற்று சாயந்திரம் அப்படிச் சரிபார்த்த ஒரு படத்தை முழுதாகப் போட்டு உட்கார்ந்தேன். கடல் காற்று வந்துகொண்டிருந்தது. எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் அந்த நெடி இல்லாத நல்ல காற்று. அறையின் அந்தப் பக்கக் கட்டிலில் மல்லிகா, காதில் மாட்டிக்கொண்டு தன் சீரியலோடு இருந்தாள். நடுவில் அந்தப் பெரிய டிவி அணைந்து கிடந்தது.

என் படத்தில் பேச்சு நின்று வெறும் இசை மட்டும் வந்தது. யாரோ எங்கோ நடக்கிறார்கள். யார், எங்கே என்று தெரியவில்லை. வாய் திறக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு இசை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மல்லிகா திடீரென்று சிரித்தாள்.

நான் படத்தை நிறுத்தினேன். “இன்னா ஆச்சி?”

காதில் மாட்டியிருந்ததால் கேட்கவில்லை போல. மறுபடி படத்தை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில், “அடிப்பாவி” என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். மறுபடி நிறுத்தினேன். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நிறுத்தினேன்.

கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து வந்து என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்த மூத்த மருமவ கீறாளே, மாமியாருக்குத் தெரியாம வூட்ட வித்துட்டா” என்றாள். “வாங்குனது யாருன்னு நெனிக்கிற?”

“யாரு?”

“இரு, மொதல்லேந்து சொல்றேன். அப்பதான் உனுக்குப் புரியும்.”

சீரியலில் இதுவரை நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். யார் யாரைப் பார்த்து முறைத்தார்கள், என்ன கலர் புடவை, அழும்போது மூக்கு எப்படிச் சிவந்தது, எல்லாம். நடுவில் விளக்கு வைக்க மட்டும் எழுந்து போய் வந்தாள். என் படம் நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம்வரை நான் அதைத் தொடவில்லை.